பெங்களூரில் விவாகரத்து மனு போடும் முன்: எந்தச் சட்டம், எந்த ஊர் கோர்ட், ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் விவாகரத்து வழக்குகளில் முதல் சிக்கல் ஊர்தான். கல்யாணம் வேலூரில் நடந்திருக்கும். குடித்தனம் மாரத்தஹள்ளியில். பிரிந்த பிறகு மனைவி சேலத்தில் அம்மா வீட்டில், கணவர் ஏதோ ஒரு பி.ஜி.யில். எந்த ஊர் கோர்ட்டுக்கு அதிகாரம் என்று பார்க்காமல் போட்ட மனு, வாய்தா மேல் வாய்தாவாக ஓடிய பிறகு 'இந்தக் கோர்ட்டுக்கு வரம்பில்லை' என்று திரும்பி வரும். இரண்டாவது சிக்கல் தாள். 'எல்லாம் பேசி முடித்துவிட்டோம்' என்று வருகிறவர்களின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், பேசியதில் பாதி அதில் இருக்காது. எழுதாத பாதிதான் பிறகு சண்டையாக வரும். கீழே இந்த இரண்டையும் விரிவாகவும், மற்றதைத் தேவையான அளவுக்கும் பார்க்கலாம்.

அடி உதை, மிரட்டல், ராத்திரியில் வீட்டை விட்டு வெளியே தள்ளுவது என்று நடந்துகொண்டிருந்தால் விவாகரத்து மனுவில் ஆரம்பிக்காதீர்கள். உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. அதன் பிறகு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 12-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு. பாதுகாப்பு, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, மாதச் செலவு, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு நான்கையும் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய வசதி. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதற்காக மருமகளுக்கு வசிக்கும் உரிமை தானாக இல்லாமல் போய்விடாது. 2020-இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

எந்தச் சட்டம்

கல்யாணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ, பிரிவும் அந்தச் சட்டப்படிதான். இந்து, பௌத்த, சமண, சீக்கியத் தம்பதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்து, சிறப்புத் திருமணச் சட்டப்படி முடித்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம்; அவர்கள் இருவரும் இந்துக்களாகவே இருந்தாலும் அதுதான். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பிறகு சார்பதிவாளரிடம் பதிவு மட்டும் செய்தவர்கள் 'எங்களுடையது ரிஜிஸ்டர் மேரேஜ்' என்பார்கள். அது இந்து திருமணச் சட்டத் திருமணம்தான். சான்றிதழின் தலைப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், குழப்பம் தீரும்.

சடங்கே நடக்காமல், விசாவுக்காகவோ வீட்டுக் கடனுக்காகவோ சான்றிதழ் மட்டும் வாங்கியிருந்தால் அது இந்து திருமணமே ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்த திருமணம் செல்லும் என்று 1967-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவு சொல்கிறது. கர்நாடகத்தில் அந்தப் பிரிவு கிடையாது. ஆகவே, சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் எந்த ஊரில், எந்த மண்டபத்தில் நடந்தது என்பதை மனுவில் விவரமாக எழுதி, 7-ஏ பிரிவையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பெங்களூர் வக்கீல்கள் எல்லோருக்கும் அது பழக்கமான பிரிவு அல்ல.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். அதில் 10-ஏ பிரிவு பரஸ்பர சம்மதத்துக்கு இரண்டு வருடப் பிரிவு கேட்கிறது. மற்ற மதத்தாருக்கு ஒரு வருடம் போதும் என்றிருக்க இவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு என்ற கேள்வி எழுந்து, 2014-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஒரு வருடமாகவே படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. திருச்சபை கொடுக்கும் ரத்துச் சான்று சபைக்குள் மட்டும்தான். அதை நம்பி மறுமணம் செய்தால் முதல் கல்யாணம் சட்டத்தில் உயிரோடுதான் இருக்கும்.

முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போகலாம். குலா (மனைவி கேட்டுப் பெறும் பிரிவு), முபாரத் (இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவது) வழிகளும் உண்டு. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்து பிரிபவர்களுக்கு விவாகரத்து தேவையில்லை. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம் 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவு' என்று ஒன்றை ஏற்கிறது. அது எது என்பதற்கான அளவுகோலை 2010-இல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்தது: வெளியுலகுக்குத் தம்பதியாகத் தெரிந்திருக்க வேண்டும், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மனைவி இருக்கும் ஆணோடு, அது தெரிந்தே வாழ்ந்தவருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது என்று 2013-இல் இந்திரா சர்மா வழக்கு சொன்னது.

சட்டத்தை நீங்களே படிக்க விரும்பினால் மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் மூலச் சட்டங்கள் இலவசம். உச்ச நீதிமன்றத்தின் மின்னணுத் தீர்ப்புத் தளமும் இலவசம்தான். சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. இந்து திருமணச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். 13-பி, 14, 19, 24, 25, 26, 27 என்ற வரிசையில் படியுங்கள். இந்த ஏழு பிரிவு புரிந்தால் வக்கீல் பேசுவது புரியும். சட்ட மாணவர்களுக்கும் இதே வரிசையைத்தான் சொல்வோம். பரீட்சைக்கு 13-ஆம் பிரிவின் விவாகரத்துக் காரணங்களை மனப்பாடம் செய்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலான சண்டை 19-இலும் 24-இலும்தான் நடக்கிறது.

எந்த ஊர் கோர்ட்

இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நான்கு முக்கிய வாய்ப்புகளைத் தருகிறது. கல்யாணம் நடந்த ஊர். எதிர்த்தரப்பு இப்போது வசிக்கும் ஊர். இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். மனு போடுவது மனைவி என்றால் அவர் இப்போது வசிக்கும் ஊர். கடைசி வாய்ப்பு 2003-இல் சேர்க்கப்பட்டது. அது கணவருக்குக் கிடையாது. சென்னையில் கல்யாணம் செய்து, அங்கேயே குடித்தனம் நடத்தி, பிரிந்த பிறகு வேலை மாறிப் பெங்களூருக்கு வந்த கணவர், மனைவி சென்னையிலேயே இருந்தால் இங்கே மனு போட முடியாது.

ஓசூர்க்காரர்கள் இதில் தவறுவார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பெங்களூர் அட்ரசில் ஆதார், ஆனால் வாடகை குறைவென்று ஓசூரில் குடித்தனம். 'கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர்' ஓசூர். அது கிருஷ்ணகிரி மாவட்டம், தமிழ்நாட்டு கோர்ட். ஆதாரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எங்கே வாழ்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு. வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது போன்றவை இதை நிரூபிக்கும்.

குழந்தையின் பொறுப்பைத் தனியாகக் கேட்டு 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி மனு போட்டால் கணக்கு வேறு. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் எதுவோ அங்கேதான் போட வேண்டும்.

கணவர் பெங்களூரில் போட்டுவிட்டார், மனைவி கைக்குழந்தையோடு திருநெல்வேலியில் இருக்கிறார் என்றால்? ஒரே மாநிலத்துக்குள் வழக்கை மாற்ற உயர் நீதிமன்றம் போதும். மாநிலம் விட்டு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்தில்தான் இடமாற்ற மனு; சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவு. வருமானம் இல்லை, கைக்குழந்தை இருக்கிறது, கூட வர ஆளில்லை போன்ற காரணங்களை வெறுமனே சொல்லாமல் ஆதாரத்தோடு வையுங்கள். இடமாற்ற மனு போட்டுவிட்டோம் என்று பெங்களூர் வாய்தாவை விட்டுவிடாதீர்கள். தடை உத்தரவு வரும்வரை இங்கே வழக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடந்து முடியும். சம்மனே கைக்கு வராமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்திருந்தால், தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

பெங்களூரின் குடும்ப நீதிமன்றங்கள் சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கின்றன. 2007-இல் தொடங்கிய பெங்களூர் மீடியேஷன் சென்டரும் (சமரசப் பேச்சு மையம்) அதே கட்டடம்தான். இங்கே விவாகரத்து வழக்குக்கு எம்.சி. என்று எண் விழும், தமிழ்நாட்டில் எச்.எம்.ஓ.பி. என்பது இதுவே. எண் விழுந்ததும் வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

மொழி ஒரு தனி விஷயம். கோர்ட் நடப்பது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப் பத்திரிகை, தமிழில் எழுதிய நகைப் பட்டியல், தமிழில் வந்த வாட்ஸாப் செய்திகள் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். 'போடி' 'வாடி' என்று எழுதியதை நாகரிகமாக மொழிபெயர்த்தால் சாட்சியின் பலமே போய்விடும். வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். மீடியேஷனில் தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று முதல் நாளே கேளுங்கள். அங்கே பேசியது எதுவும் கோர்ட்டில் சாட்சியாக வராது, அதனால் மனம் விட்டுப் பேசலாம்.

தாள்கள்

வக்கீலைப் பார்க்கும் முன் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ ஒன்று, பதிவுச் சான்றிதழ், இருவரின் ஆதார், கடைசியாகச் சேர்ந்து இருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், கடன் பத்திரங்கள். தமிழ்நாட்டில் பதிவான திருமணத்தின் சான்றிட்ட நகலை அங்குள்ள பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். ஊருக்குப் போக வேண்டாம்.

போனில் இருக்கும் ஆதாரத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றில் சாதனத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் வர வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் இதெல்லாம் சிக்கலாகிவிடும். வழக்கு முடியும்வரை அதை அலமாரியில் வையுங்கள். கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது இரண்டு பக்கமும் வெட்டும். இனி போனில் பேசும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரஸ்பர சம்மதம்

இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு மூன்றைக் கேட்கிறது: ஒரு வருடமாவது தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தனித்தனி என்றால் வேறு வேறு வீடு என்று அர்த்தமில்லை. பெங்களூர் வாடகையிலும் அட்வான்சிலும் ஒரே ஃபிளாட்டில் வேறு வேறு அறையில் இருப்பவர்கள் ஏராளம். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதே முக்கியம் என்று 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கு சொல்லிவிட்டது. ஆனால் எந்தத் தேதியிலிருந்து என்பது மனுவில் இருக்க வேண்டும்; இருவரும் கோர்ட்டில் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். நீதிபதி கேட்கும்போது ஒருவர் 'தீபாவளிக்கு அப்புறம்' என்றும் மற்றவர் 'பொங்கலுக்கு அப்புறம்' என்றும் சொன்னால் மனு தள்ளாடும். கல்யாணமாகி ஒரு வருடம் முடியாதவர்கள், மிகக் கடுமையான கஷ்டம் என்றோ எதிர்த்தரப்பின் மிகக் கொடிய நடத்தை என்றோ நிரூபிக்காவிட்டால் எந்த விவாகரத்து மனுவும் போட முடியாது.

மனு எண் விழுந்து முதல் விசாரணை நடந்த பிறகு, மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருப்பு. 18 மாதத்துக்குள் இருவரும் இரண்டாவது முறை வந்து சம்மதத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய 2017-இன் அமர்தீப் சிங் தீர்ப்பு வழி காட்டுகிறது: மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் விசாரணை முடிந்து ஒரு வாரத்தில் இதற்கு இடைக்கால மனு போடலாம். இவை கண்டிப்பான நிபந்தனைகள் அல்ல, வழிகாட்டிகள்தான் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. இருந்தாலும் ஒன்றரை வருடம் ஆனவர்களின் மனுதான் சுலபமாகப் போகும்.

இதில் நொறுங்கும் இடம் ஒன்றே ஒன்று. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முதல் விசாரணையில் முழுத் தொகையையும் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். ஒன்றுமே வாங்காமல் போலீஸ் புகாரைத் திரும்பப் பெற்றவரும் மாட்டிக்கொள்வார். அதனால்தான் தொகையைத் தவணையாகப் பிரிக்கிறோம். முதல் விசாரணையில் ஒரு பங்கு, கிரிமினல் வழக்கு ரத்தாகும்போது ஒரு பங்கு, இறுதி நாளில் மீதி.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

பணம். தொகை, எந்த நாள், எந்தக் கணக்கு, டி.டி.யா ஆன்லைனா. 'இரு தரப்புக்கும் சம்மதமான தொகை' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். டி.டி.க்கு மூன்று மாதம்தான் ஆயுள். வாய்தாவுக்கு வெகுநாள் முன்பே எடுத்து வைத்தால், நீதிபதி லீவில் போய் வழக்கு தள்ளிப்போகும்போது காலாவதியாகும். வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பு எடுப்பது போதும்.

நகை. 'நகைகள் திரும்பக் கொடுக்கப்பட்டன' என்ற ஒற்றை வரியால் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. ஒவ்வொரு நகையாக, சவரன் எடையோடு, எந்த லாக்கரில் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் அவருக்கே முழுச் சொந்தம், கணவர் வீட்டார் கையில் இருந்தால் அது ஒப்படைக்கப்பட்ட பொருள்தான் என்பதை 1985-இல் பிரதிபா ராணி வழக்கு நிலைநாட்டியது. அடகில் இருக்கும் நகையை யார் மீட்பது, எந்தத் தேதிக்குள் என்பதும் வேண்டும்.

வீடு. விவாகரத்தானால் கணவர் சொத்தில் பாதி மனைவிக்கு என்று பரவலாக நம்புகிறார்கள். கோவாவைத் தவிர இந்தியாவில் அப்படிச் சட்டம் கிடையாது. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. கூட்டுப் பெயரில் இருந்தால் பிரித்துக்கொள்ள வேண்டும். சர்ஜாபூர் ரோட்டில் இருவர் பெயரிலும் வாங்கிய ஃபிளாட்டை ஒருவர் எடுத்துக்கொள்வதாக எழுதினால் மட்டும் வேலை முடியாது. ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எந்தத் தேதிக்குள் பதிவாகும், முத்திரைத் தீர்வை யார் கையிலிருந்து என்று எழுதுங்கள். குடும்ப உறவுக்குள் மாற்றும் பத்திரத்துக்குச் சலுகை உண்டு. தீர்ப்பு வந்த பிறகு நீங்கள் கணவன் மனைவி இல்லை. பத்திரத்தை எப்போது போடுவது என்பதை அதற்கேற்ப வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெரிய கண்ணி வங்கிக் கடன். உங்கள் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. 'இனி ஈ.எம்.ஐ. அவர் கட்டுவார்' என்று நீங்கள் இருவரும் எழுதினாலும், வங்கி எழுத்து மூலம் விடுவிக்கும்வரை இருவரும் கடன்காரர்கள்தான். அவர் தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். ஆகவே வங்கியின் விடுவிப்புக் கடிதம் வந்த பிறகே பத்திரத்தில் கையெழுத்து என்று வரிசையை மாற்றி எழுதுங்கள்.

குழந்தை. 'தந்தை அவ்வப்போது பார்க்கலாம்' என்ற வரியை அமல்படுத்த எந்தக் கோர்ட்டாலும் முடியாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எங்கே ஒப்படைப்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எந்த நாள் வீடியோ கால் என்று எழுத வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் விடுமுறை. கர்நாடகப் பள்ளிகளில் தசராவுக்கு நீண்ட விடுமுறை, பொங்கலுக்கு ஒரு நாள்தான். தமிழ்நாட்டில் இருக்கும் அப்பா 'நான்கு நாள் பொங்கலுக்கு என்னிடம்' என்று எழுதி வாங்கினால், குழந்தைக்குப் பள்ளி இருக்கும். பள்ளி நாட்காட்டியை வைத்துக்கொண்டு எழுதுங்கள்: தசரா விடுமுறை ஒரு வருடம் ஒருவருக்கு, அடுத்த வருடம் மற்றவருக்கு, கோடை விடுமுறையின் முதல் பாதி, இரண்டாம் பாதி, தீபாவளி மாற்றி மாற்றி. தேதி போடாமல் 'பாதி' என்று போடுவது நல்லது, பள்ளி மாறினாலும் செல்லும். பாஸ்போர்ட் புதுப்பிக்க மற்றவர் எத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும், வெளிநாடு கூட்டிப் போக என்ன நிபந்தனை, மருத்துவச் செலவு யாருடையது, பள்ளிக் கட்டணம் கூடும்போது மாதத் தொகை எத்தனை சதவீதம் கூடும் ஆகியவையும் வேண்டும். 'குழந்தைக்காக இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைப் பறிக்காது. அந்த வரியை நம்பிப் பணத்தைக் குறைத்துப் பேசியவர் பிறகு ஏமாற்றம் அடைவார். இந்துச் சட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாக அம்மாவிடம். எந்த வயதிலும் குழந்தையின் நலனே மேலானது.

கிரிமினல் வழக்கு. கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய இ.பி.கோ. 498-ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 85-ஆம் பிரிவு. 'சமாதானமாகிவிட்டோம்' என்று சொல்லி இதை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் முடிக்க முடியாது. உயர் நீதிமன்றத்தில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-ஆம் பிரிவின் கீழ் ரத்து மனு போட்டு, புகார் கொடுத்தவர் தன் சம்மதத்தை அஃபிடவிட்டாகக் கொடுக்க வேண்டும். எப்.ஐ.ஆர். பெங்களூரில் என்றால் கர்நாடக உயர் நீதிமன்றம். மதுரையில் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பெண் தன் பிறந்த வீட்டிலிருந்தும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம் என்று 2019-இல் தீர்ப்பு வந்த பிறகு, விவாகரத்து ஒரு மாநிலத்திலும் எப்.ஐ.ஆர். இன்னொன்றிலும் இருப்பது சகஜம். ஆகவே யார் செலவில், எத்தனை நாளுக்குள், யார் நேரில் வந்து என்று எழுதாவிட்டால் விவாகரத்து ஆன பிறகும் கணவரின் தம்பி, தங்கை பெயரில் வழக்கு நிற்கும்.

ஜீவனாம்சம் சண்டையாக இருந்தால்

இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கலாம். வருமானம் இல்லாத கணவரும் கேட்கலாம். பி.என்.எஸ்.எஸ். 144, அதாவது பழைய 125, மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு மட்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு வந்ததிலிருந்து இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களை அஃபிடவிட்டாகக் கொடுத்தே ஆக வேண்டும். தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். ஆகவே மனுவைத் தாமதிக்காதீர்கள். வேறொரு கோர்ட்டில் ஏற்கெனவே தொகை வாங்கினால் அதையும் சொல்ல வேண்டும்; மறைத்தது தெரிந்தால் பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கை வரும்.

சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவு நியாயம் என்று கருதியது, அவ்வளவுதான். அது சட்ட விகிதம் கிடையாது. இரு தரப்பின் வருமானம், வாழ்ந்த வாழ்க்கைத் தரம், குழந்தை யாரிடம், மனைவி வேலையை விட்டது யாருக்காக என்று எல்லாம் சேர்த்துத்தான் தொகை. கணவர் தானாக ஏற்றிக்கொண்ட கார் கடனையும் சேமிப்புப் பிடித்தத்தையும் காட்டிக் கையில் வருவது குறைவு என்றால் கோர்ட் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

தீர்ப்புக்குப் பிறகு

சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள். பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று போய்விடும். பி.எப்., இன்ஷூரன்ஸ், டிமேட் நாமினி எதுவும் தீர்ப்பினால் தானாக மாறாது. ஒவ்வொன்றாக நீங்கள்தான் மாற்ற வேண்டும். கணவரின் ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டில் இருந்த மனைவி அதிலிருந்து விழுந்துவிடுவார். புதிய பாலிசிக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் அதைத் தீர்ப்புக்கு முன்பே எடுப்பது நல்லது.

சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சண்டையிட்டு வந்த தீர்ப்பென்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் வேண்டாம். இந்து திருமணச் சட்டம் அதற்கு 90 நாள் தருகிறது. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வாங்கிய விவாகரத்தை வைத்துக்கொண்டு இங்கே மறுமணம் செய்ய நினைப்பவர்கள் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். இங்குள்ள திருமணச் சட்டம் ஏற்கும் காரணத்தின் பேரில், எதிர்த்தரப்பு தானாகக் கலந்துகொண்டோ சம்மதித்தோ வந்த தீர்ப்பாக இல்லாவிட்டால், 1991-இன் நரசிம்ம ராவ் தீர்ப்புப்படி அது இங்கே செல்வது கடினம்.

எழுதிய தொகை வரவில்லை என்றால் தீர்ப்பு கொடுத்த அதே குடும்ப நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். 144-ஆம் பிரிவின் மாதத் தொகை பாக்கி என்றால், ஒவ்வொரு மாதத் தொகையும் கொடுக்க வேண்டியிருந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வாரண்டுக்குக் கேட்டாக வேண்டும். இரண்டு வருட பாக்கியைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனால் பழைய ஒரு வருடத்துக்கு வாரண்ட் கிடைக்காது.